கீழ் அடுக்கில் ஒரு தட்டு

கைப்பையைத் தோளிலிருந்து இறக்குவதற்கு முன்பே வலது உள்ளங்கையை, கிருமி வளர்க்கும் இன்குபேட்டரின் கதவில் வைத்துவிடுவார். ஐந்து எண்ணும் நேரம். மேலே ஒரு தடவை, நடுவில் ஒரு தடவை, குனிந்து கீழே ஒரு தடவை. கைக்குழந்தைக்குக் காய்ச்சல் அடிக்கிறதா என்று தாய்மார்கள் நெற்றி, கழுத்து, வயிறு என்று தொட்டுப் பார்ப்பார்களே, அதே தினுசு. கீழே தொடும்போது மட்டும் கை சற்று அதிக நேரம் தங்கும். அதற்கப்புறம்தான் பை ஆணிக்குப் போகும், வெள்ளைக் கோட்டு உடம்புக்கு வரும். "நேத்து சாயங்காலம் யாருய்யா கதவ அரையும் கொறையுமா சாத்திட்டுப் போனது?" என்பதுதான் அவர் எல்லோருக்கும் சொல்லும் காலை வணக்கம்.

ஆஸ்பத்திரியின் பின்பக்கத்தில், துணி வெளுக்கும் கூடத்துக்கும் சமையற்கூடத்துக்கும் நடுவே மாட்டிக்கொண்ட மூன்று அறைகள்தான் கிருமிப் பரிசோதனைக்கூடம். ஒரு பக்கத்திலிருந்து சோப்பு வாசம் வரும், மறுபக்கத்திலிருந்து வெங்காயம் வதங்கும் வாசம் வரும். நடுவில் இவர்கள் வளர்க்கும் கிருமிகள் தங்கள் பங்குக்கு ஒரு வாசத்தைக் கிளப்பும். புதிதாக வருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். இவருக்கோ அந்த வாசம்தான் பாதி வேலையைச் செய்துகொடுக்கிறது. தட்டின் மூடியை விரலளவு தூக்கியதுமே, "இது திராட்சை வாசம் அடிக்குது, புண்ணுல பச்சையாச் சீழ் வெச்சிருக்கும் பாரு" என்பார். இரண்டு நாள் கழித்து இயந்திரம் சொல்லும் பதிலும் சொல்லி வைத்தாற்போல அதுவாகவே இருக்கும்.

வயது ஐம்பத்து நான்கு. ஒல்லி. நடை வேகம். பேச்சு அதைவிட வேகம். இயற்பெயர் சம்பளப் பட்டியலில் இருக்கிறது. மற்ற இடங்களில் எல்லாம் அவர் கோழியக்கா. இந்தப் பெயரை வைத்தவர் யாரென்று கேட்டால், தொலைபேசிதான் என்று சொல்ல வேண்டும். வார்டிலிருந்து ஓயாமல் கூப்பிட்டு, "ரிசல்ட் வந்துடுச்சா, ரிசல்ட் வந்துடுச்சா" என்று நச்சரிப்பார்கள். "காலைல பத்து மணிக்கு வெச்சத மத்தியானம் ரெண்டு மணிக்குக் கேட்டா நான் எங்கய்யா போவேன்? முட்டைய ஒடச்சுப் பாத்தா குஞ்சு வந்துடுமா? அடைகாக்க நேரம் குடுங்க!" என்று ஒரு நாள் இவர் போட்ட சத்தம் சமையற்கூடம் வரை கேட்டது. அன்று மாலையே பெயர் நிலைத்துவிட்டது. அவரும் கோபித்துக்கொள்ளவில்லை. "கோழின்னா என்ன கொறச்சலா? சூட்டுல உக்காந்து ஒரு உசிரக் கொண்டுவருது" என்று விட்டுவிட்டார்.

அவருடைய வேலையைச் சொன்னால் எளிதாகத்தான் இருக்கும். சளி, சீழ், சிறுநீர் என்று வார்டிலிருந்து வருவதில் ஒரு துளி எடுத்து, ரத்தம் கலந்த கூழ் உறைந்திருக்கும் வட்டத் தட்டில் மெல்லிய கம்பியால் இழுத்துவிட வேண்டும். தட்டை இன்குபேட்டருக்குள் வைத்துவிட்டு மறுநாள் காலையில் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாமல் இருந்த கிருமி பெருகிப் புள்ளி புள்ளியாக உட்கார்ந்திருக்கும். அந்தப் புள்ளியை எடுத்து எந்த மருந்துக்குச் சாகிறது என்று பார்த்துச் சொன்னால், வார்டில் இருக்கிறவர் பிழைத்துக்கொள்வார். புள்ளியே வரவில்லை என்றால் அறிக்கையில் இரண்டே சொற்கள்: வளர்ச்சி இல்லை.

எல்லாம் சூட்டில் இருக்கிறது. பயிற்சிக்கு வருகிற நர்சுகள் கேட்டால் அவர் சொல்லும் விளக்கம் எந்தப் பாடப் புத்தகத்திலும் கிடைக்காது. "மனுஷனப் பிடிக்கிற கிருமிக்கு மனுஷனோட சூடுதான் வேணும். முப்பத்தேழு. கூட வெச்சா வெந்துடும். கொறச்சா சோம்பேறி ஆயிடும், ஒரு நாள்ல செய்யற வேலைய ஒரு வாரம் இழுக்கும். ஃப்ரிட்ஜுக்குள்ள வெச்சியா, போர்வையப் போத்திக்கிட்டுத் தூங்கும். அது தூங்கறதப் பாத்துட்டுச் செத்துடுச்சுன்னு நெனச்சே, நீ தொலைஞ்சே." கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது குரல் இறங்கிவிடும். நர்சுகள் அதைக் கவனிப்பதில்லை. அதற்குள் அவர்களுக்குச் சாப்பாட்டு மணி அடித்துவிடும்.

தட்டுகளை எப்போதும் தலைகீழாகத்தான் அடுக்க வேண்டும் என்பது தொழில் விதி. மூடியில் கோக்கிற ஈரம் கூழின்மேல் சொட்டினால் புள்ளிகள் கலைந்துபோகும். முப்பது வருஷமாகத் தட்டுகளைக் கவிழ்த்துக் கவிழ்த்து, வீட்டிலும் டம்ளர், கிண்ணம், பூச்சாடி எதுவும் நேராக நிற்பதில்லை. "எங்கக்கா வீட்டுல எல்லாம் தலைகீழாத்தான் இருக்கும். ராத்திரி தங்கினா நம்மளையும் கவுத்துத்தான் படுக்க வைப்பா" என்று தங்கை ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். பஸ் நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் சொல்கிற வேலை தங்கைக்கு. எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, எது தாமதம் என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிற குரல். வீட்டில் உப்பு கேட்டால்கூட இரண்டாம் மேடைக்குக் கேட்கும்.

இருந்தாள் என்றுதான் எழுத வேண்டும். தங்கை இறந்து மூன்று வருஷம் ஆகிறது.

இன்குபேட்டருக்குள் இன்று ஐந்து வெப்பமானிகள் இருக்கின்றன. மேல் அடுக்கில் ஒன்று, நடுவில் ஒன்று, கீழ் அடுக்கில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, கதவோரம் ஒன்று. ஒவ்வொன்றும் ஒரு சின்னப் புட்டித் தண்ணீருக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கும். கதவைத் திறந்து மூடினாலும் அளவு சட்டென்று ஆடாமல் இருக்கத்தான் அந்தத் தண்ணீர். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை ஐந்தையும் படித்துச் சுவரில் தொங்கும் தாளில் எழுதுவார். பயன்படுத்திய தட்டுகளை அவித்துக் கழுவும் பெரியவரை எல்லோரும் ஆவியண்ணன் என்பார்கள். அவர் ஒரு நாள் பொறுக்க மாட்டாமல் கேட்டேவிட்டார்.

"ஒரு பொட்டிக்கு அஞ்சு தெர்மாமீட்டர் எதுக்குக்கா? தீவிரச் சிகிச்சையில படுத்திருக்கிறவனுக்கே ஒண்ணுதானே வெக்கிறாங்க?"

"அதனாலதான் பாதிப் பேரு எந்திரிச்சு வர்றதில்ல. நீ போய் ஒன் கொப்பரையப் பாரு."

ஆவியண்ணன் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அவருக்குக் காரணம் தெரியாது. மூன்று வருஷத்துக்கு முன்பு அந்தப் பெட்டிக்குள் ஒரே ஒரு வெப்பமானிதான் இருந்தது. நடு அடுக்கில்.

தங்கைக்கு முதலில் வந்தது வெறும் இருமல். "மைக்குல கத்துற தொண்டை, இருமத்தான் செய்யும். இதுக்கெல்லாம் ஆஸ்பத்திரியா?" என்று மகளிடம் தட்டிக்கழித்துவிட்டாள். மகளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வில்லைகளைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துவாள். அந்த வாரம் கடையில் சரக்குக் கணக்கெடுப்பு, லீவு கிடையாது. அம்மா சொன்னதை நம்பி இரண்டு நாள் விட்டாள். மூன்றாம் நாள் காலையில் அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. அரக்கப் பரக்கத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நெஞ்சுக்குள் நீர் கோத்திருக்கிறது என்று சொல்லி ஊசி வைத்து எடுத்தார்கள். அந்த நீரில் கொஞ்சம், சின்னக் குழாயில், தங்கையின் பெயர் எழுதிய சீட்டோடு பரிசோதனைக்கூடத்துக்கு வந்தது.

கோழியக்கா வேறு யாரையும் அதைத் தொட விடவில்லை. தானே தட்டில் இழுத்தார். நடு அடுக்கைத் திறந்து பார்த்தார். ஒரே நெரிசல். முந்தைய வாரம்தான் யாரோ அவசரத்தில் இடித்து ஒரு வரிசைத் தட்டுகள் சரிந்து விழுந்திருந்தன. இந்தக் கும்பலுக்குள் என் தங்கச்சியோடதா என்று தோன்றியது. கீழ் அடுக்கு எப்போதும் காலி. வெற்றுத் தட்டுகளைப் போட்டு வைக்கிற இடம். அவற்றை ஒதுக்கி, பின்மூலையை ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் இரண்டு தடவை துடைத்து, தங்கையின் தட்டைத் தன்னந்தனியாக அங்கே கவிழ்த்து வைத்தார். யார் கையும் படாது. யாரும் இடிக்க மாட்டார்கள். தங்கை கேட்டால், உனக்குத் தனி அறை போட்டுக் கொடுத்திருக்கிறேன் என்று சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டார்.

இன்குபேட்டர் கதவைச் சுற்றி ஓடுகிற ரப்பர் பட்டை, கீழ்ப்பக்கத்தில் வறண்டு, விரல் நீளத்துக்குப் பிளந்திருந்தது. அறையின் ஏ.சி. குளிர்காற்று அதன் வழியே உள்ளே போய்க்கொண்டிருந்தது. வெப்பமானியோ நடு அடுக்கில் முப்பத்தேழு என்று காட்டிக்கொண்டிருந்தது. அதைக் குறை சொல்ல முடியாது. அது நின்ற இடத்தில் முப்பத்தேழுதான் இருந்தது.

இரண்டாம் நாள் தட்டைப் பார்த்தார். சிவப்புக் கூழ் பளிங்கு மாதிரி இருந்தது. மூன்றாம் நாளும் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். ஒரு புள்ளி இல்லை. முதல் நாள் நீரை நுண்ணோக்கியில் பார்த்தபோதும் ஒன்றும் தென்படவில்லை. கிருமி குறைவாக இருந்தால் தென்படாது, தட்டுதான் சொல்ல வேண்டும். தட்டு சொல்லிவிட்டது என்று அவர் நம்பினார். நிம்மதியோடுதான் எழுதினார், அந்த இரண்டு சொற்களையும். அறிக்கையை வேறு ஆளிடம் கொடுக்காமல் தானே வார்டுக்கு எடுத்துக்கொண்டு ஓடினார்.

தங்கை கட்டிலில் தலையணைகளை முட்டுக்கொடுத்துச் சாய்ந்திருந்தாள். குரல் பாதிதான் வந்தது.

"என்னக்கா, என்ன மொளைச்சிருக்கு ஒன் தட்டுல? ரோஜாவா, மல்லியா?"

"ஒண்ணும் மொளைக்கலடி."

"அப்ப நான் நல்லாத்தான் இருக்கேன்னு சொல்லு. இதுங்க சும்மா குத்திக்கிட்டே இருக்குதுங்க."

வார்டு டாக்டர் அறிக்கையைப் பார்த்தார். சீழ்க்கிருமி இல்லை என்றால் இது வேறு வகை, நாள்பட்ட சயரோகமாக இருக்கலாம் என்று யோசித்து, போட்டுக்கொண்டிருந்த ஊசியை நிறுத்திவிட்டு மருந்தை மாற்றினார். அவர்மேல் தப்பில்லை. கையில் இருந்த தாளை நம்பிச் செய்தார். மாற்றிய மூன்றாம் நாள் தங்கை போய்விட்டாள்.

அவள் போன எட்டாம் நாள் கோழியக்கா வேலைக்கு வந்தார். வளர்ச்சி இல்லாத தட்டுகளை நான்காம் நாளே ஆவியண்ணன் அவித்துவிடுவார். இந்த ஒரு தட்டு மட்டும் யார் கண்ணிலும் படாத மூலையில் இருந்ததால் தப்பித்திருந்தது. எடுத்து, தூக்கிப் போடுவதற்கு முன்னால் பழக்கதோஷத்தில் வெளிச்சத்தில் காட்டினார். கூழில் ஊசிமுனையால் தொட்டு வைத்த மாதிரி ஏழெட்டுப் புள்ளிகள். ஒவ்வொன்றையும் சுற்றி மெல்லிய பச்சை வளையம். காற்றில் வந்து ஒட்டியதாக இருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு நுண்ணோக்கியில் வைத்தார். காற்றில் வருகிற கிருமி அப்படி ஜோடி ஜோடியாக நிற்காது, நிமோனியாக் கிருமிதான் நிற்கும்.

தட்டை நடு அடுக்குக்கு மாற்றினார். மறுநாள் காலையில் புள்ளிகள் மூன்று மடங்காகியிருந்தன.

நடு அடுக்கில் இருந்த வெப்பமானியை எடுத்துக் கீழே வைத்தார். அரை மணி நேரம் கதவைத் திறக்காமல் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். இருபத்தொன்பது. வேறொரு வெப்பமானி வைத்தார். இருபத்தொன்பது. ஒரு துண்டுக் காகிதத்தைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பார்த்தார். மேலே இழுத்தபோது வரவில்லை. நடுவிலும் வரவில்லை. கீழே வைத்து இழுத்தபோது தடையே இல்லாமல் கையோடு வந்துவிட்டது.

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. தன்மேல் தப்பில்லை என்று யாராவது நிரூபித்துவிட மாட்டார்களா என்று மனசு அடித்துக்கொண்டது. யாரும் வரப்போவதில்லை என்பதால் தானே முயன்றார். தங்கையின் தட்டிலிருந்து ஒரு புள்ளியை எடுத்து நான்கு புதுத் தட்டுகளில் இழுத்தார். ஒன்று ஃப்ரிட்ஜில், ஒன்று மேசைமேல், ஒன்று கீழ் அடுக்கில், ஒன்று நடு அடுக்கில். தங்கையைக் கொன்றதைத் தன் கையாலேயே நான்கு இடத்தில் விதைத்துவிட்டு, தினமும் காலையில் போய்ப் பார்த்தார். நடு அடுக்கில் மறுநாளே பயிர் மாதிரி நிறைந்துவிட்டது. ஃப்ரிட்ஜிலும் மேசைமேலும் ஒன்றுமில்லை. கீழ் அடுக்கில் இரண்டாம் நாள் ஒன்றுமில்லை, மூன்றாம் நாள் ஒன்றுமில்லை, ஆறாம் நாள் ஊசிமுனைப் புள்ளிகள். அதை நம்ப மாட்டாமல் மறுபடி செய்தார். மூன்றாவது முறையும் செய்தார். மூன்று முறையும் ஒரே பதில்தான். கிருமிக்குப் பொய் சொல்லத் தெரியாது. அந்தத் துக்கத்தில் அவருக்கு அதன்மேல்கூடக் கோபம் வரவில்லை, தன்மேல்தான் வந்தது.

பரிசோதனைக்கூடத்தின் தலைமை டாக்டர் ஓய்வு பெற இரண்டு மாதம் இருந்த மனிதர். நல்லவர். நல்லவர்கள் சில நேரம் செய்வதைத்தான் அவரும் செய்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"விடும்மா. மருந்த மாத்தாம இருந்திருந்தாலும் பொழைச்சிருப்பாங்கன்னு யாரால சொல்ல முடியும்?"

"பொழைச்சிருக்க மாட்டாங்கன்னும் சொல்ல முடியாதே சார்."

"முடியாதுதான். ஆனா இத இப்ப வெளிய சொல்லி யாருக்கு என்ன ஆகப்போகுது? ரப்பர நாளைக்கே மாத்திடலாம்."

"அறிக்கைய மாத்தணும் சார். தப்புன்னு தெரிஞ்சா திருத்தி அனுப்பணும்னு நீங்கதானே சொல்லுவீங்க."

டாக்டர் பேனாவைத் தேடி எடுத்தார். பிறகு திருத்தப்பட்ட அறிக்கையில் கையெழுத்துப் போட்டார். அதில் கோழியக்கா எழுதியிருந்தது இதுதான்: முன்னர் அனுப்பிய முடிவு தவறு. வளர்ச்சி உண்டு. தட்டு வைக்கப்பட்ட கீழ் அடுக்கில் சூடு குறைவாக இருந்ததால் வளர்ச்சி தாமதமாகத் தெரிந்தது. பரிசோதித்தவர் என்ற இடத்தில் அவருடைய முழுப் பெயர். அறிக்கை வார்டுக்குப் போனது. இரண்டு நாளில், மூலையில் யாரோ 'நோயாளி இல்லை' என்று கிறுக்கியிருக்க, திரும்பி வந்தது.

அந்தத் தாளை எட்டாக மடித்து, தன்னுடைய கண்ணாடிக் கூட்டில் வெல்வெட் துணிக்கு அடியில் சொருகி வைத்தார். மூன்று வருஷமாக அது அங்கேதான் இருக்கிறது. கண்ணாடியை எடுக்கும்போதும் வைக்கும்போதும் விரலுக்குத் தட்டுப்படும்.

ரப்பர் மாறியது. வெப்பமானிகள் வந்தன. கீழ் அடுக்கும் இப்போது முப்பத்தேழுதான். ஆனாலும் வளர்ச்சி இல்லாத எந்தத் தட்டையும் அவர் இப்போதெல்லாம் சுலபத்தில் கைவிடுவதில்லை. எல்லோரும் மூன்று நாள் பார்த்தால் இவர் நான்கு நாள் பார்ப்பார். அறிக்கையில் அந்த இரண்டு சொற்களை எழுதுவதற்கு முன்னால் எழுந்துபோய்த் தண்ணீர் குடிப்பார். திரும்பி வந்து தட்டை மறுபடி ஒரு தடவை வெளிச்சத்தில் காட்டுவார். வார்டில் முணுமுணுப்பு உண்டு. "கோழியக்கா கைல போனா எழுந்து வர நாளாகும்" என்று சொல்லிக்கொள்வார்கள். அவர் காதில் விழும். பதில் சொல்ல மாட்டார். முன்பெல்லாம் சமையற்கூடம் வரை கேட்கும்படி சத்தம் போட்டவர்தான்.

வீட்டில் அவர் தனி ஆள். சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு அறை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தங்கை மகள் வருவாள். அடுத்த தெருவில், அம்மா இருந்த வீட்டிலேயே இருக்கிறாள். அப்பா அவளுடைய ஏழாம் வயதிலேயே போய்விட்டார். வந்ததும் கவிழ்ந்திருக்கும் டம்ளரை நிமிர்த்தித் தண்ணீர் குடிப்பாள். சாப்பிட்டு முடித்ததும், "கண்ணாடியக் குடு பெரியம்மா" என்பாள். பையில் சின்னத் திருப்புளியும் மெல்லிய துணியும் எப்போதும் இருக்கும். ஆணியை முடுக்கி, வில்லையைத் துடைத்து, கைப்பிடியை வளைத்துச் சரிசெய்து கொடுப்பாள். அதற்கு ஒரு கால் மணி நேரம் ஆகும். கோழியக்கா கண்ணாடியைக் கழற்றி மட்டும் கொடுப்பார். கூடு மடியிலேயே இருக்கும்.

அந்தக் கால் மணி நேரத்தில்தான் அவள் அதைச் சொல்வாள். ஒரு ஞாயிறும் தவறியதில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, தலையைத் தூக்காமல்.

"ரெண்டு நாள் முன்னாடியே கூட்டிட்டு வந்திருந்தா அம்மா இருந்திருப்பா."

"விடும்மா."

"நீயும் ராப்பகலா ஆஸ்பத்திரியிலேயே கெடந்தே. ஒன்னால முடிஞ்சது எல்லாம் செஞ்சே. நான்தான் ஒண்ணும் செய்யல. பக்கத்து ரூமுல இருமிக்கிட்டே இருந்தா, நான் தூங்கினேன் பெரியம்மா."

"விடும்மா."

தலைமை டாக்டர் தன்னிடம் சொன்ன அதே சொல்லைத்தான் தானும் சொல்கிறோம் என்று கோழியக்காவுக்குத் தெரியும். ஒவ்வொரு ஞாயிறும் சொல்லிவிட வேண்டும் என்று காலையிலிருந்து தயாராவார். மத்தியானம் அவள் முகத்தைப் பார்த்ததும் வாய் கட்டிப்போகும். சொன்னால் இந்த ஒரு பிள்ளையும் இனி படியேறி வராது என்ற பயம். வேறு யாரும் இல்லை அவருக்கு. அந்தப் பயத்துக்காக ஒரு பெண்ணை மூன்று வருஷமாக இல்லாத குற்றத்தைச் சுமக்க விட்டிருக்கிறோம் என்பதும் அவருக்குத் தெரியும். இரண்டும் தெரிந்துதான் சோறு பரிமாறுவார்.

அவளும் மாறிவிட்டாள். கடையில் யாராவது இரண்டு தடவை இருமினால் போதும், கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு வந்துவிடுவாள். கேலி செய்கிறார்கள். அவள் சிரிப்பதில்லை. அம்மாவின் குரலில் பாதியாவது அவளுக்கு இருந்தது. இப்போது எதிரில் உட்கார்ந்து பேசினாலே காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டியிருக்கிறது.

போன ஞாயிறு வந்தவள், டம்ளரை நிமிர்த்தவில்லை. சாப்பாட்டில் கையை வைத்துவிட்டு அளைந்துகொண்டிருந்தாள். கடையில் அவளோடு வில்லை தேய்க்கிற ஒருவர் இருக்கிறார். சாது. ஒரு வருஷமாக அவள் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்கிற மனிதர். அவரைப் பற்றி அவள் வாயிலிருந்து அவ்வப்போது ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை விழும். கோழியக்காவும் துருவாமல் பட்டும் படாமலும் கேட்டு வைத்திருந்தார். உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

"அவரு கேட்டாரு பெரியம்மா. கல்யாணம் பண்ணிக்கலாமான்னு."

"நீ என்ன சொன்னே?"

"மாட்டேன்னுட்டேன்."

"ஏண்டி? பிடிக்கலையா?"

"பிடிக்காமயா." அவள் எழுந்து கையைக் கழுவிவிட்டு வந்தாள். "அவரு வீட்டுல வயசான அம்மா இருக்காங்க. நாளைக்கு அவங்க ஒரு இருமல் இருமினா நான் எழுந்து பாப்பேன்னு என்ன நிச்சயம்? பெத்தவளையே பாக்காம தூங்கினவ நான். என்னெல்லாம் ஒரு வீட்டுக்குள்ள விடக்கூடாது பெரியம்மா. அவருகிட்டயும் அதத்தான் சொன்னேன். அழுதாரு."

விடும்மா என்ற சொல் கோழியக்காவின் வாய் வரைக்கும் வந்தது. அதை விழுங்கிவிட்டார். கீழே சைக்கிள் கடையில் யாரோ சக்கரத்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள். அது நின்றது. மறுபடி தொடங்கியது.

அவள் வழக்கம்போலப் பையிலிருந்து திருப்புளியையும் துணியையும் எடுத்து மேசைமேல் வைத்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"கண்ணாடியக் குடு."

கோழியக்கா கண்ணாடியைக் கழற்றினார். கழற்றியதும் எதிரில் இருந்த முகம் மங்கலாகிவிட்டது. நல்லதாகப் போயிற்று என்று நினைத்தார். அவள் நீட்டிய கையில் கண்ணாடியைக் கொடுக்கவில்லை. மடியில் இருந்த கூட்டைத் திறந்து, கண்ணாடியை உள்ளே வைத்து, மூடி, மேசையின் நடுவில் வைத்தார்.

"கூடு எதுக்குப் பெரியம்மா? கண்ணாடி மட்டும் போதும்."

அவர் தன் வலது உள்ளங்கையைக் கூட்டின்மேல் வைத்தார். ஐந்து எண்ணும் நேரம். பிறகு மூடியைத் திறந்து, கண்ணாடியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, வெல்வெட் துணியின் முனையை நகத்தால் தூக்கிப் பிடித்து, அடியில் மடித்த தாள் தெரிய, கூட்டை அவள் பக்கமாகத் திருப்பினார்.